முன் பிரேக்கை இளக்கிவிட்ட ஊர்

ஆட்களுக்கு மோட்டார் சைக்கிள் பழக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும், நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று உங்கள் முதலாளி கேட்டார். உற்சாகமூட்டும் சரக்கு என் கையில் இல்லை என்றேன். பரவாயில்லை, உள்ளதை எழுதுங்கள் என்றார். ஆகவே வாசித்து முடித்துவிட்டு என்னைக் குறை சொல்லக் கூடாது.

யுத்தம் முடிந்த காலத்தில் தொடங்கி, முழங்கால் மடங்க மறுத்த காலம் வரை, கற்பிட்டி வீதியோரம் வேலி போட்ட ஒரு வெறும் காணியில், இந்த வளவில் நின்று ஆட்களுக்கு மோட்டார் சைக்கிள் பழக்கினேன். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவன் நான். வெயில், தூசி, கழுதைகள், கிளச்சை விடப் பயந்து அழும் மனுசர். இதுதான் என் உத்தியோகம். பெயருக்கு முன்னால் எதுவும் கிடையாது, பின்னால் மட்டும் ‘மாஸ்டர்’ என்று ஒன்று ஒட்டிக்கொண்டது.

கியர் மாற்றுவதையும் எட்டுப் போடுவதையும் பற்றி எழுதப்போவதில்லை. அவை உங்களுக்குத் தெரியும். பிரேக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒருவரை ஓட வைப்பது பெரிய வித்தையில்லை, கையை முறுக்கினால் வண்டி தானாக ஓடும். அவரை நிறுத்த வைப்பதுதான் நமக்குச் சம்பளம் தரும் வேலை. ஆனால் லைசென்ஸ் சோதனைக்குப் போகும் இடத்தில் எட்டை ஒழுங்காகப் போட்டு, காலை நிலத்தில் ஊன்றாமல் வந்துவிட்டால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். “மாஸ்டர், பிரேக்கெல்லாம் பொறகு பாத்துக்குவம், எட்டக் காட்டுங்க” என்று சொல்லாத ஆள் என்னிடம் வந்ததில்லை. அந்தப் ‘பிறகு’ சிலருக்கு வந்தது. எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் இந்தக் கரையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

யுத்த காலத்தில் இங்கே மோட்டார் சைக்கிள் குறைவு. சோதனைச்சாவடிகளில் இறங்கி ஏறவே பாதி நாள் போய்விடும். யுத்தம் முடிந்தது, சாவடிகள் போயின, வீதி தார் போட்டு வழுவழுவென்று காப்பட் ஆனது, வீட்டுக்கு வீடு வண்டி வந்தது. புது வண்டி வந்தால், முஸ்லிம் வீடென்றால் ஒரு யாசீன் ஓதுவார்கள். கிறிஸ்தவ வேதக்காரர் வீடென்றால் சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார். சைவக்காரரான எங்கள் ஆட்கள் சில்லின் கீழ் தேசிக்காய் வைத்து நசிப்பார்கள். அடுத்த நாள் காலையில் இந்த மூன்று கூட்டமும் ஒரே கராஜுக்குத்தான் போகும். “பாஸ், முன் பிரேக்கக் கொஞ்சம் இளக்கி விடுங்க.”

முன் சில்லுக்குப் பக்கத்தில், பிரேக் கேபிள் முடியும் இடத்தில் ஒரு நட் இருக்கிறது. பாஸ் என்று நாங்கள் கூப்பிடும் கராஜ் மெக்கானிக் அதைத் தளர்த்துவார். அதன் பிறகு வலக்கைப் பக்கத்துப் பிரேக் பிடியை எவ்வளவு நெரித்தாலும் அது கைப்பிடியில் வந்து முட்டுமே தவிர, சில்லுக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. வண்டியில் இரண்டு பிரேக் இருக்கும், வேலை செய்வது பின் பிரேக் மட்டும். இதற்குப் பெயர் பாதுகாப்பு.

ஏன் இப்படி என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் கடல்மணல் அள்ளுப்பட்டு வந்து வீதியில் திட்டுத் திட்டாகக் கிடக்கும். காப்பட் வீதியில் வேகமாக வருகிறவன் மணலைக் கண்டு பதறி முன் பிரேக்கை ஒரேயடியாக நெரிப்பான். சில்லு பூட்டிக்கொள்ளும், ஆள் குப்புற விழுவான். விழுந்தவன் மணலைக் குற்றம் சொல்ல மாட்டான், தன் கையைச் சொல்லவே மாட்டான். முன் பிரேக்தான் கவிழ்த்தது என்பான். அவனுடைய மச்சானும் மச்சானின் கூட்டாளியும் கராஜுக்குப் போவார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இங்கே ஒரு பூனை சூடு கண்டால் ஊரே அடுப்பை இடித்துவிடும்.

பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருப்பீர்கள். ட்ரைவர் பிரேக் போட்டால் எல்லோரும் எந்தப் பக்கம் சாய்கிறோம்? முன்னுக்குத்தானே. மோட்டார் சைக்கிளிலும் பாரம் அப்படியே முன் சில்லுக்கு வந்துவிடும், பின் சில்லு இலேசாகிவிடும். இலேசான சில்லைப் பிடித்து வைத்து என்ன பிரயோசனம்? அது சத்தம் போட்டுக்கொண்டு இழுபடும், வண்டி நிற்காது. நிறுத்துவது முன் பிரேக்தான், பின் பிரேக் அதற்குத் துணை. வண்டி நேராக நிற்கும்போது இரண்டையும் சேர்த்து, முன்னதை மெதுவாகத் தொட்டு, பாரம் முன்னுக்கு வந்ததும் மேலும் மேலும் அழுத்த வேண்டும். மணல் கிடந்தால் மணலுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, மணலின் மேல் கையைச் சும்மா வைத்திருக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஒரு பிஸ்கட் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். ஆனாலும் இதை ஊருக்கு விளங்கப்படுத்த என் சீவியம் போதவில்லை.

எனக்குப் பழக்கிய சிலாபத்து மனுசர் சிங்களம் பேசுகிறவர். தனக்குத் தெரிந்த தமிழில் ஒரே வசனத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். “சில்லு சுத்தினா நீ ட்ரைவர். சில்லு பூட்டினா நீ மூட்டை.” நான் அதைச் சொன்னபோது என் ஆட்கள் சிரித்தார்கள், பிறகு வீட்டுக்குப் போகும் வழியில் கராஜுக்குப் போனார்கள்.

பர்வீன் அப்படியில்லை.

ஆலங்குடாவில் வீடு, கண்டக்குழிப் பக்கம் ஒரு பாலர் பாடசாலையில் வேலை. பஸ் வந்தால் வரும், வராவிட்டால் வராது. பர்வீனுக்கு ஒரு சின்ன மகள், அந்தப் பாடசாலைக்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும். புருசன் ரிஸ்வான், கண்டக்குழியில் மீன் எடுத்து, பைக்கின் பின்னால் பெட்டி கட்டிப் புத்தளத்துக்குக் கொண்டுபோகிறவன். பெண்சாதி ஸ்கூட்டி ஓடுவதை அந்த நாளில் பலர் விரும்பவில்லை. அவன் விரும்பினான். முதல் நாள் அவனே கூட்டி வந்து, “மாஸ்டர், இவ என்ன விடக் கெட்டிக்காரி, ஆனாப் பயந்தவ. பாத்துப் பழக்குங்க” என்று சொல்லிவிட்டு, வேலியோரம் நின்று முழுநேரமும் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த தடவை வரும்போது மகளுக்கு ஒரு ஹெல்மட் வாங்கி வந்திருந்தான். அந்த அளவில் ஹெல்மட் புத்தளத்தில் இல்லை, சிலாபத்திலும் இல்லை, நீர்கொழும்பு வரை போய்த் தேடியிருக்கிறான். பெருநாளுக்கு வாங்கிய பொம்மையைக் காட்டுவது போல அதை எல்லோருக்கும் காட்டினான். இதை மறந்துவிட வேண்டாம். அவன் அப்படிப்பட்ட மனிதன்.

பர்வீனுக்குப் பிரேக் பிடிக்க வரவில்லை. ஸ்கூட்டியில் இரண்டு பிரேக்கும் கையில்தான், வலது முன்னுக்கு, இடது பின்னுக்கு. வலக்கையைத் தொடவே மாட்டாள். தொட்டால் ஒரேயடியாக நெரிப்பாள். நானும் முட்டையைப் பிடிப்பது போல என்று சொல்லிப் பார்த்தேன், குழந்தையின் கையைப் பிடிப்பது போல என்று சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் நான் சலித்துப்போய், “மெதுவாத் தொட்டு, இடைவிடாமல் கூட்டிக் கூட்டி அமத்த வேணும் பிள்ளை. விடவும் கூடாது, வெடுக்கெண்டு இழுக்கவும் கூடாது. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது” என்றேன்.

அவள் கையைப் பார்த்தாள். பிறகு, “தேங்காப்பால் புழியிற மாதிரியா மாஸ்டர்?” என்று கேட்டாள்.

துருவிய தேங்காய்ப்பூவை வெடுக்கென்று நெரித்தால் விரலிடுக்கால் பிதுங்கி ஓடும், பால் வராது. கையில் சேர்த்தெடுத்து, மெல்லப் பிடித்து, பிறகு இறுக்கிக்கொண்டே போக வேண்டும். இத்தனை வருசம் நான் தேடிய வசனத்தை அவள் குசினியிலிருந்து எடுத்து வந்தாள். அதற்குப் பிறகு என்னிடம் வந்த பெண்கள் எல்லோருக்கும் இதைத்தான் சொன்னேன். ஒரே நாளில் விளங்கிக்கொண்டார்கள். ஆண்களுக்கும் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் வாழ்க்கையில் தேங்காய்ப்பால் பிழிந்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கடைசிப் பாடத்துக்கு அவளை வீதியில் ஓடவிட்டு நான் பின்னால் வந்தேன். ஆலங்குடாச் சந்திக்கு முன்னால், பற்றைக்குள்ளிருந்து ஒரு கழுதை வீதிக்கு ஏறி, நடுவில் நின்றுவிட்டது. எங்கள் கழுதைகளை உங்களுக்குத் தெரியும், கோர்ன் அடித்தால் காதை மட்டும் ஆட்டும். பர்வீன் நேராக வந்தாள். வண்டியின் மூக்கு தாழ்ந்தது, பின்பக்கம் கொஞ்சமும் அலையவில்லை, கழுதைக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்து, “பால் வந்துட்டு மாஸ்டர்” என்றாள். சிரித்தாள், பிறகு அழுதாள். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த சந்தோசங்களில் அதற்கு மேல் ஒன்று இல்லை.

சோதனையில் பாஸ் பண்ணினாள். காலையில் மகளை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு வளவைக் கடந்து போவாள். என்னைக் கண்டால் மகள் கை காட்டும், ஹெல்மட் பெரிதாக, முகம் சின்னதாக.

அந்த வருசம் சோளகம் கடுமையாக அடித்தது. ஒரு நாள் விடியற்புறம் ரிஸ்வான் மீன் ஏற்றிக்கொண்டு வரும்போது, ஆலங்குடா வளைவில் மணல் மேடு ஏறியிருக்கிறது. பின்னால் ஐஸும் மீனுமாகப் பாரம். பதறிப்போய் முன் பிரேக்கை நெரித்திருக்கிறான். சில்லு பூட்டியது, சிலாபத்து மனுசர் சொன்ன மாதிரி அவனும் மீனோடு மூட்டையானான். காறை எலும்பு முறிந்து, கையைத் தூக்கிக் கட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து படுத்தவனுக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும்? தன் கை நோவு வரவில்லை. பெண்சாதி அதே வீதியில், அதே மணலில், பிள்ளையை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு போகிறாளே என்ற ஞாபகம்தான் வந்தது. அன்று பின்னேரம் அவள் சமைத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு பெடியனைப் பிடித்து ஸ்கூட்டியைக் கராஜுக்கு அனுப்பிவைத்தான். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாமென்பாள், மாஸ்டர் அப்படிச் சொன்னார் இப்படிச் சொன்னார் என்று கதைப்பாள் என்று நினைத்திருக்கிறான். மாஸ்டர் என்ன, விழுந்தவனா? அவன் விழுந்தவன். விழுந்தவனுக்குத்தானே தெரியும்.

அடுத்த நாள் காலை அவள் வீதிக்கு வந்தாள். நேர் வீதி, அதுவரை பிரேக் பிடிக்க ஒரு தேவையும் வரவில்லை. வெங்காயத் தோட்டம் ஒன்றிலிருந்து ட்ராக்டர் இழுக்கும் பெட்டியொன்று திடீரென்று பின்னுக்கு வந்து வீதியை மறித்தது.

எனக்குச் செய்தி வந்து நான் போகும்போது அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்கூட்டி மட்டும் வீதியோரம் கிடந்தது. சுற்றிலும் ஆட்கள் நின்று வழக்கமான கதை கதைத்துக்கொண்டிருந்தார்கள். பொம்பிளைக்கு எதுக்கு ஸ்கூட்டி, முன் பிரேக்கப் புடிச்சிருப்பா, என்று. நான் குனிந்து வலப்பக்கத்துப் பிடியைப் பிடித்தேன். அது ஒரு தடையும் இல்லாமல் வந்து கைப்பிடியில் முட்டியது. முன் சில்லைப் பார்த்தேன். நட் கேபிளின் நுனிக்கு வந்திருந்தது, ஸ்பேனர் கடித்த அடையாளம் புதிதாக மினுங்கியது. அந்த நட்டை நான் என் கையால் இறுக்கிக் கொடுத்திருந்தேன்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் ரிஸ்வான் ஒரு கையைக் கட்டிக்கொண்டு, மறுகையால் மகளை அணைத்துக்கொண்டு இருந்தான். பிள்ளைக்கு முழங்காலில் உரசல் மட்டும்தான். மணலில் போய் விழுந்ததாம். ஹெல்மட் இரண்டாக வெடித்து மடியில் கிடந்தது. என்னைக் கண்டதும் எழுந்து வந்தான்.

“மாஸ்டர், நல்ல நேரம் மாஸ்டர். நேத்துத்தான் அவட முன் பிரேக்க இளக்கி வச்சேன். இல்லாட்டி குப்புற அடிச்சிருப்பா, அந்த இடத்திலயே முடிஞ்சிருக்கும். அல்லாஹ்தான் எனக்கு அந்தப் புத்தியத் தந்தான்.”

உங்களுக்கு நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று வகுப்பு எடுப்பார்கள். கழுதை வந்தால், மணல் வந்தால், மழை வந்தால் என்று. இந்த விறாந்தைக்கு ஒரு வகுப்பும் இல்லை. அந்த மனிதனிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு ஆறுதல்தான், அதை நான் ஏன் பிடுங்க வேண்டும் என்று நினைத்தேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “கவலைப்படாதை தம்பி” என்று அர்த்தமில்லாத ஒன்றைச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து, நினைவு இருக்கிறது, இரண்டு நிமிசம் பார்க்கலாம் என்றார். பிள்ளையை ஒரு உறவுக்காரியிடம் விட்டுவிட்டு இருவரும் போனோம். பர்வீனின் முகத்தில் காயமில்லை. அடியெல்லாம் உள்ளே. முதலில் “மவள்?” என்று கேட்டாள். “ஒண்டுமில்ல, நல்லா இருக்கா” என்றான் ரிஸ்வான். கண்ணை மூடிக்கொண்டு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“மாஸ்டர், நான் பதறல்ல. நீங்க சொன்ன மாதிரித்தான் தொட்டேன். மெதுவா, பொறகு கூட்டிக் கூட்டி. புழிஞ்சேன் மாஸ்டர். ஒண்டுமே வரல்ல.”

போர்வையின் மேல் கிடந்த வலக்கையை மெல்ல மூடிக் காட்டினாள்.

“நான் எங்க பிழை விட்டேன் மாஸ்டர்?”

கட்டிலின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள் புருசன். எனக்கு இரண்டு பதில்கள் இருந்தன. பதறியிருப்பாய் பிள்ளை, பரவாயில்லை, என்று சொல்லியிருந்தால் ரிஸ்வான் கடைசிவரை அல்லாஹ் கொடுத்த புத்தியோடு வாழ்ந்திருப்பான். ஆனால் கேட்டது என் மாணவி. சரியாகச் செய்தவள். ஒரு பிழையும் விடாதவள், பிழையைத் தேடிக்கொண்டு கிடக்கிறாள்.

“நீ ஒரு பிழையும் விடேல்லைப் பிள்ளை” என்றேன். “உன்ர கை சரியாத்தான் வேலை செய்தது.”

அவளுடைய முகம் இளகியது. “அப்ப சரி” என்றாள், கணக்கு வாத்தியார் விடை சரியென்று சொன்ன பிள்ளை மாதிரி. அவள் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான். அந்தக் கிழமை முடியுமுன் மௌத்தாகிவிட்டாள்.

நான் ரிஸ்வானைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. வெளியே வந்து வாசற்படியில் நின்றோம். அவன் கேட்டான்.

“மாஸ்டர், வண்டியப் பாத்தீங்களா?”

“ஓம்.”

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் தெரியாது. ஒரே வசனத்தால் ஒருத்தியை நிம்மதியாக அனுப்பிவைத்தேன், ஒருத்தனை உயிரோடு புதைத்தேன். உங்களில் யாருக்காவது வேறு பதில் தெரிந்தால் வந்து சொல்லுங்கள், நான் வீட்டில்தான் இருப்பேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு சட்டம் போட்டேன். கடைசிப் பாடத்துக்குப் புருசனோ வாப்பாவோ அண்ணனோ, வீட்டில் வண்டியைக் கராஜுக்குக் கொண்டுபோகிற ஆள் எவரோ, அவரும் வர வேண்டும். ஆளைப் பழக்கினால் போதாது, ஆளின் வீட்டையும் பழக்க வேண்டும் என்பது பர்வீன் எனக்குக் கற்பித்தது. சிலர் வந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். “மாஸ்டர் சொல்றது சரிதான்” என்றார்கள். பிறகு, “ஆனாலும் மாஸ்டர், மணல்ல…” என்று இழுத்தார்கள். கராஜ் பாஸிடமும் போய்க் கதைத்தேன். அவர் நல்ல மனிதர், எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார். “நான் இளக்காட்டி அடுத்த கராஜுக்குப் போவாங்க மாஸ்டர். அவன் கழட்டியே விட்டிருவான்” என்றார். அதுவும் உண்மைதான். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இங்கே யாரும் செவிடரில்லை. எல்லோரும் கேட்டார்கள், தலையாட்டினார்கள், இளக்கினார்கள்.

ரிஸ்வான் பைக்கை விற்றுவிட்டான். மீனை லொறியில் போட்டு அனுப்பிவிட்டு நடந்துதான் திரிவான். கொஞ்ச காலத்துக்குப் பின் அவனைப் பற்றி ஒரு கதை வந்தது. ஜும்ஆ முடிந்து ஆட்கள் வெளியே வருவதற்கு முன், பள்ளி வாசலில் வரிசையாக நிற்கும் பைக்குகளின் முன் பிரேக் பிடியை ஒவ்வொன்றாக நெரித்துப் பார்க்கிறானாம். இளகியிருந்தால் இடுப்பில் கட்டிய சாரத்து மடிப்பிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து இறுக்கிவிடுகிறானாம். கண்டவர்கள், பாவம், மனுசி போனதிலிருந்து தலை சரியில்லை என்றார்கள். எனக்கு அது தலை சரியான ஒருவன் செய்யும் வேலையாகவே பட்டது.

ஆனால் கேளுங்கள். அவன் இறுக்கிவிட்ட பைக்குகளில் ஒன்று, ஹோட்டலொன்றில் வேலை செய்யும் ஒருவருடையது. அவருக்குத் தன் முன் பிரேக் இப்போது வேலை செய்கிறது என்பது தெரியாது. இத்தனை காலமும் சும்மா நெரித்துப் பழகிய கை. நாய் ஒன்று குறுக்கே ஓட, வழக்கம் போல முழுப்பலத்தோடு நெரித்தார். குப்புற விழுந்தார், முன்பல் போனது. சொந்தக்காரர்கள் வந்து ரிஸ்வானைப் பள்ளி வாசலிலேயே அடித்தார்கள். “ஆர்ட வண்டியில கை வெக்கிறாய் விசரா” என்று. அந்தக் கிழமை பாஸுக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. ஊரில் மிச்சமிருந்த இறுக்கமான பிரேக்குகளையும் இளக்கிவிட்டார்கள்.

இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பழகாத கைக்கு நல்ல பிரேக்கைக் கொடுத்தால் அது கவிழ்க்கும். பழகிய கைக்குக் கெட்ட பிரேக்கைக் கொடுத்தால் அது கொல்லும். கையும் பிரேக்கும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க வேண்டும். நம்மிடம் வருவது கை மட்டும்தான். மற்றது வீட்டில், கராஜில், மச்சானின் வாயில் இருக்கிறது. நான் என்ன செய்யலாம் என்று யோசித்து யோசித்துக் களைத்துப்போய்த்தான் வேலையை விட்டேன். முழங்காலைச் சொன்னது ஒரு சாட்டுக்கு.

போன மாதம் ரிஸ்வானைச் சந்தியில் கண்டேன். தலை நரைத்துவிட்டது. கதைத்துக்கொண்டு நிற்கும்போதே அவன் கை பக்கத்தில் நின்ற ஒரு பைக்கின் பிடிக்குப் போனது. மெதுவாகத் தொட்டு, கூட்டிக் கூட்டி அழுத்தினான். பிடி கைப்பிடியில் வந்து முட்டியது. விட்டுவிட்டான்.

“இப்ப இறுக்கிறதில்ல மாஸ்டர்” என்றான். “புழிஞ்சு பாக்கிறதோட சரி.”

மகளைப் பற்றிக் கேட்டேன். பெரிய பிள்ளையாகிவிட்டாளாம். ஸ்கூட்டி பழக ஆசைப்படுகிறாளாம். “விடப்போறியோ தம்பி?” என்று கேட்டேன். வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தான்.

அதன் பிறகுதான் உங்கள் முதலாளி இதை எழுதச் சொன்னார். எழுதுவதற்கு முன் உங்களை ஒரு தடவை பார்க்கலாம் என்று வளவுக்கு வந்தேன். நீங்கள் எல்லோரும் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தீர்கள். வேப்பமரத்தின் கீழ் உங்கள் வண்டிகள் நின்றன. பழக்குவதற்கு வைத்திருக்கும் வண்டிகளைச் சொல்லவில்லை, நீங்கள் வீட்டிலிருந்து வரும் உங்கள் சொந்த வண்டிகள். எனக்கும் இப்போது அந்த வியாதி தொற்றிவிட்டது. ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். நல்ல பிரேக்குகள், சந்தோசம். கடைசியில் நின்ற வண்டியின் பிடி மட்டும் ஒரு தடையும் இல்லாமல் வந்து கைப்பிடியில் முட்டியது.

யாருடைய வண்டி என்று நான் விசாரிக்கவில்லை. உங்களைக் காணாமலே திரும்பி வந்துவிட்டேன். அந்தக் கைப்பிடியில் ஒரு சின்னப் பிள்ளையின் ஹெல்மட் தொங்கிக்கொண்டிருந்தது.